தானியங்கித் திரவ வழங்கிகளின் அளவுச் சரிபார்ப்பு

தானியங்கித் திரவ வழங்கி என்பது, ஆய்வகங்களில் மாதிரிகளையும் வினைபொருள்களையும் குறித்த அளவில் உறிஞ்சி வேறு கலங்களில் இடும் இயந்திரம் ஆகும். கையால் இயக்கும் பிப்பெட்டின் வேலையையே இது 8 அல்லது 96 முனைகளால் ஒரே நேரத்தில் செய்கிறது. அளவு பெரும்பாலும் மைக்ரோலிட்டரில், அதாவது மில்லிலிட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கில், குறிக்கப்படும். 2020இல் கிண்டி கிங் நோய்த்தடுப்பு மருந்து நிலையம் உள்ளிட்ட ஆய்வகங்கள் செய்த கோவிட் ஆர்டி-பிசிஆர் சோதனை போன்றவற்றில், ஒரு குழியில் சேரும் மாதிரி 5 மைக்ரோலிட்டர் அளவே இருக்கலாம். அதில் குறைவு நேர்ந்தால் கண்ணுக்குத் தெரியாது.

பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் வரும் துல்லியத்தன்மை, நுட்பம் என்ற வேறுபாடு இங்கே நேரடியாகப் பயன்படுகிறது. உரிய அளவுக்கு அருகில் இருப்பது துல்லியத்தன்மை. ஒவ்வொரு முறையும் ஒரே அளவைத் தருவது நுட்பம். சராசரியை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். 8 முனைகளில் ஏழு 10.1 மைக்ரோலிட்டரும், ஒன்று 9.3 மைக்ரோலிட்டரும் தந்தால் சராசரி சரியாக 10.0 வரும். ஆனால் 96 குழித் தட்டில் ஒரு முனை ஒரு வரிசைக்குப் பொறுப்பு. எனவே அந்த வரிசையின் 12 குழிகளிலும், அதாவது 12 நோயாளிகளின் மாதிரிகளிலும், அளவு குறைந்திருக்கும்.

பழைய முறை எடையிடுவது. தூய நீரை நுண்தராசில் வெளியேற்றி, மில்லிகிராமை மைக்ரோலிட்டராக மாற்ற வேண்டும். 20 டிகிரி செல்சியஸில் பெருக்கும் காரணி 1.0029, 30 டிகிரியில் 1.0054. (இந்தியக் கண்ணாடிப் பிப்பெட்டுகள் பலவற்றில் 27 டிகிரி என்று பொறித்திருப்பதும் வெப்பநிலை கருதியே.) இதைவிடப் பெரிய தொல்லை ஆவியாதல். சிங்கப்பெருமாள் கோவில், மறைமலை நகர்ப் பகுதிகளில் வெளியே புழுக்கம் மிகுதி. குளிர்சாதன அறைக்குள்ளோ காற்று உலர்ந்துவிடும். சிறு துளி எடை காட்டுவதற்குள் குறையும். அதனால் தராசுக் கலத்தைச் சுற்றி நீர் வைப்பதும், ஆவியாகும் அளவைத் தனியே அளந்து கணக்கில் சேர்ப்பதும் வழக்கம். எல்லா முனைகளும் ஒரே கலத்தில் ஊற்றினால் குறையுள்ள முனை எது என்பதையும் தராசு சொல்லாது.

அதற்கு இரு சாய ஒளியளவு முறை உதவுகிறது. நீலச் சாயம், வழங்கப்படும் திரவத்திலும் நீர்க்கப் பயன்படும் திரவத்திலும் ஒரே செறிவில் இருக்கும். சிவப்புச் சாயம் வழங்கப்படும் திரவத்தில் மட்டும் இருக்கும். நீலத்தின் ஒளி உட்கவர்வு குழியிலுள்ள திரவத்தின் ஆழத்தையும், சிவப்பினுடையது இயந்திரம் இட்ட பங்கையும் காட்டும். பீர்-லாம்பர்ட் விதியைக் கொண்டு 96 குழிகளுக்கும் தனித்தனியே கன அளவு கிடைத்துவிடும்.

தொடர் நீர்த்தலில் பிழை பெருகும். 90 மைக்ரோலிட்டர் நீர்மத்தில் 10 சேர்க்க வேண்டிய இடத்தில் 10.5 சேர்ந்தால், முதல் படியில் செறிவு சுமார் 4.5 விழுக்காடு கூடும்; ஆறாம் படியில் 30 விழுக்காடு.

பிப்பெட்டுகளுக்கான ஐ.எஸ்.ஓ. 8655 தரம் 2002இல் வெளிவந்தது. தானியங்கிகளுக்கென ஐ.எஸ்.ஓ. 23783 வர 2022 ஆயிற்று. நியாயமாக இது முன்பே வந்திருக்க வேண்டும். நீரில் தேறிய இயந்திரம் பிசுபிசுப்பான சீரத்திலோ கிளிசரால் கலந்த நொதிக் கரைசலிலோ அதே அளவைத் தரும் என்று கொள்ள முடியாது. பயன்படுத்தும் திரவத்தை வைத்தே மீண்டும் சோதிக்க வேண்டும்.