நகையை வித்து டவுன் பேமென்ட், வீடு மட்டும் ஒருத்தர் பேர்ல: கல்யாணத்துக்கு அப்புறம் ஒப்பந்தம் போடலாமா?

ஒரு கணக்கு பார்ப்போம். கல்யாணமாகி 2 வருஷம், ரெண்டு பேருக்கும் சம்பளம். 60 லட்ச ரூபாய்க்கு ஒரு ஃபிளாட். பேங்க் 48 லட்சம் தருது. மீதி 12 லட்சத்துல 8 லட்சம் மனைவியோட நகையை வித்து வந்த பணம். லோனுக்கும் அவங்க கோ-அப்ளிகன்ட். ஆனா கிரயப் பத்திரத்துல கணவர் பேர் மட்டும்தான். "எல்லாம் ஒண்ணுதானே"னு விட்டாச்சு.

சட்டத்துக்கு எல்லாம் ஒண்ணு இல்லை. ஈஎம்ஐ நின்னா பேங்க் மனைவியையும் பிடிக்கும், சிபில் ஸ்கோர் ரெண்டு பேருக்கும் இறங்கும். அதே வீட்டைக் கணவர் விற்க நினைச்சா, பத்திரத்துல மனைவி கையெழுத்து தேவையே இல்லை. கடன்ல பொறுப்பு, வீட்டுல பூஜ்யம். வீடு வாங்க நான் பணம் கொடுத்தேன்னு பிறகு கோர்ட்டுல சொல்லலாம்தான், ஆனா நிரூபிக்க வேண்டிய வேலை அவங்க தலையில.

இந்த இடத்துலதான் சிலர் "போஸ்ட்நப் போட்டுக்கலாமா?"னு கேட்கிறாங்க. வெளிநாட்டுப் படங்கள்ல வர்ற மாதிரி, பிரிஞ்சா யாருக்கு என்னனு எழுதுற ஒப்பந்தம். இங்கே அதை நம்பி உட்கார முடியாது. பொது நலனுக்கு எதிரான ஒப்பந்தம் செல்லாதுனு 1872-ம் வருஷ ஒப்பந்தச் சட்டத்தோட 23-வது பிரிவு சொல்லுது. சேர்ந்து வாழும்போதே பிரிவுக்கு விலை பேசுற ஷரத்துகள் அதுல அடிபட்டுப் போகலாம். ஜீவனாம்சம் கேட்க மாட்டேன்னு எழுதி வாங்கினாலும் அது கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது. கோவாவுல மட்டும் போர்ச்சுகீசியர் காலத்துச் சிவில் சட்டம் இருக்கு, ஆனா அங்கேயும் ஒப்பந்தத்தைக் கல்யாணத்துக்கு முன்னாடியே போட்டாகணும்.

அதுக்காகக் கணவன் மனைவிக்குள்ள எந்த எழுத்தும் செல்லாதுனு நினைச்சுடாதீங்க. நம்ம சட்டத்துல சொத்து விஷயத்துல நீங்க ரெண்டு தனி ஆட்கள். சீதனம் மனைவிக்கே சொந்தம்னு சுப்ரீம் கோர்ட் 1985-லயே சொல்லிடுச்சு. கஷ்ட காலத்துல கணவர் அதைப் பயன்படுத்தினாலும் திருப்பித் தரணும்னு 2024-லயும் சொன்னது. அதனால பிரிவைப் பத்தி எழுதாம, பணத்தையும் சொத்தையும் பத்தி எழுதுங்க. அது நிற்கும்.

இன்னும் ரிஜிஸ்ட்ரேஷன் ஆகலைனா வேலை ரொம்ப சுலபம். ரெண்டு பேர் பேரையும், யாருக்கு எத்தனை சதவீதம்னும் கிரயப் பத்திரத்துலயே எழுதிடுங்க. இன்னொரு பேர் சேர்க்குறதுக்காக முத்திரைத் தீர்வை ஏறாது. பழைய வரி முறையில இருந்தா, நீங்க குடியிருக்கிற வீட்டுக்கு ஆளுக்கு 2 லட்சம் வரை வட்டிக் கழிவும் கிடைக்கும். நகை வித்த பணம் முதல்ல மனைவி அக்கவுன்ட்டுக்கு வந்து, அங்கிருந்து பில்டருக்குப் போகட்டும். நகைக்கடை பில்லைத் தயவுசெஞ்சு தூக்கிப் போடாதீங்க.

ஏற்கெனவே பதிவு முடிஞ்சிருந்தா? "பாதி வீடு உனக்கு"னு முத்திரைத்தாள்ல எழுதி நோட்டரி சீல் வெச்சா போதும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. போதாது. அசையாச் சொத்தைக் கைமாத்த சார்பதிவாளர் ஆபீஸ் போயே ஆகணும். அன்பினால தர்றேன்னு சொல்ற வாக்குறுதிகூட எழுதிப் பதிவு செஞ்சாதான் சட்டத்துல நிற்கும். வழி, செட்டில்மென்ட் பத்திரம். தமிழ்நாட்டுல குடும்பத்துக்குள்ளனா முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. லோன் ஓடுதுன்னா பேங்க் சம்மதம் முதல்ல வாங்கணும். வரியில ஒரு சிக்கல்: சும்மா எழுதிக் கொடுத்த பங்குல வர்ற வாடகை, கொடுத்தவரோட வருமானத்துலதான் சேரும். வரியைக் குறைக்க இதைச் செய்யாதீங்க.

வீட்டுல பங்கு வேண்டாம், கொடுத்த 8 லட்சம் கடனா இருக்கட்டும்னா புரோ நோட்டு போதும். தொகை, தேதி, கையெழுத்து, கூடவே பேங்க் டிரான்ஸ்ஃபர் ஆதாரம். ஆனா புரோ நோட்டுக்கு ஆயுசு 3 வருஷம்தான்! பீரோவுல வெச்சு மறந்துட்டா வெறும் காகிதம். 3 வருஷம் முடியுறதுக்குள்ள "இந்தக் கடன் பாக்கி இருக்கு"னு கணவர் கையெழுத்தோட எழுதி வாங்கினா, அந்தத் தேதியிலிருந்து மறுபடியும் 3 வருஷம். போன்ல ரிமைண்டர் போட்டு வைங்க. சொந்த வீட்டுக்காரர்கிட்ட புரோ நோட்டானு சங்கடமா இருக்கும், புரியுது. பேங்க் பேப்பர்ல நூறு கையெழுத்து போடுற அந்த வாரத்துல இதையும் கேளுங்க, நூத்தி ஒண்ணாவதா முடிஞ்சிடும்.

இவ்வளவு செஞ்சும் ஒரு ஓட்டை இருக்கு. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, குழந்தை இல்லாத மனைவி உயில் எழுதாம இறந்தா, அவங்க சம்பாதிச்சது முழுக்கக் கணவருக்குப் போகும். கணவரும் இல்லைனா அடுத்து கணவரோட வாரிசுகள், அதுக்கும் பிறகுதான் பெத்த அப்பா அம்மா. மாசாமாசம் பெத்தவங்களுக்குப் பணம் அனுப்புற பெண்கள் இதைக் கவனிக்கணும். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. வெள்ளைத்தாள்ல எழுதிக் கையெழுத்து போட்டு, அதைப் பார்த்த 2 சாட்சிகளும் கையெழுத்து போட்டா செல்லும். பங்கு வாங்குறவங்களை மட்டும் சாட்சியாக்காதீங்க.