தோளும் தொலைநோக்கியும்

குளிர்காலம் தொடங்கியதும் நடு ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வலசைப் பறவைகள் நம் நாட்டின் ஏரிகளையும் உப்பங்கழிகளையும் நாடி வருகின்றன. அவற்றைக் காண்பதற்கென்றே விடுப்பெடுத்துப் பயணம் செய்வோர் நம் வாடிக்கையாளர்களிலும் உள்ளனர். பணிநிறைவுக்குப் பின் இப்பொழுதுபோக்கை மேற்கொள்வோரும் பலர்.

மரங்களில் அமரும் பறவைகளைக் காண எட்டு அல்லது பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் இருநோக்கி போதும். நீர்ப்பறவைகளின் நிலை வேறு. உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் அரைக் கிலோமீட்டருக்கு அப்பால், நாம் நெருங்க இயலாத சேற்றுத் திட்டில் இரை தேடும். அங்கே 20 முதல் 60 மடங்கு வரை பெரிதாக்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப், அதாவது ஒற்றைக்குழல் தொலைநோக்கி, இன்றியமையாததாகிறது. ஆய்வாளர்கள் பறவையின் காலில் பூட்டிய வண்ணப் பட்டையின் எழுத்துகளைப் படித்து அது எங்கிருந்து வந்தது என்று அறியவும் இக்கருவியே உதவுகிறது. இத்தனை மடங்கு பெரிதாக்கும்போது கையின் சிறு நடுக்கமும் காட்சியைக் குலைத்துவிடும். ஆகவே தொலைநோக்கி எங்கே சென்றாலும் முக்காலியும் உடன் செல்ல வேண்டும்.

இடர் இங்கேதான் தொடங்குகிறது. இரண்டும் சேர்ந்து நான்கு, ஐந்து கிலோ எடை வரும். முதல் சில பயணங்களில் ஆர்வம் அச்சுமையை மறைத்துவிடும். பின்னர்த் தோள் வலிக்கும், கழுத்து இறுகும். ‘இன்று இருநோக்கி மட்டும் போதும்’ என்று புறப்படும் நாள்கள் மிகும். பெரும் பொருள் கொடுத்து வாங்கிய கருவி அலமாரியில் உறங்கும். கருவியின் தரத்தைப் பற்றி நாம் கேட்கும் கேள்விகளில் பாதியையேனும் அதைச் சுமக்கும் முறையைப் பற்றிக் கேட்பது நலம்.

விலையும் எடையும்

எந்தப் பொருளுக்கும் வாங்கும் விலை ஒன்று. அதைப் பயன்படுத்துவதற்கு ஆகும் செலவு மற்றொன்று. தொலைநோக்கியைப் பொறுத்தவரை வாங்கும் விலையை ஒருமுறை செலுத்துகிறோம். எடையையோ ஒவ்வொரு பயணத்திலும் ஒவ்வோர் அடியிலும் செலுத்துகிறோம்.

முகப்பு வில்லை 80 மில்லிமீட்டர் அகலமுள்ள தொலைநோக்கிகள் பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு கிலோ எடை உள்ளவை. 65 மில்லிமீட்டர் வகை ஏறத்தாழ அரைக் கிலோ குறைவாக இருக்கும். பெரிய வில்லை ஒன்றரை மடங்கு ஒளியைத் திரட்டும் என்பது உண்மையே. அந்த மிகுதி விடியற்காலையிலும் அந்திப் பொழுதிலும் பயன்படும். நம் நாட்டில் கதிரவன் சற்று மேலேறியதும் ஒளிக்குக் குறைவில்லை. மாறாக, நிலத்திலிருந்தும் நீரிலிருந்தும் எழும் வெப்பக் காற்று காட்சியை அலையாடச் செய்யும். அந்நேரத்தில் 40 மடங்குக்கு மேல் பெரிதாக்குவதால் பெரும்பாலும் பயன் இராது. எனவே பெரிய வில்லையின் சிறப்பும் அப்போது வெளிப்படாது. நெடுந்தொலைவு நடப்போருக்கு 65 மில்லிமீட்டரே பொருத்தமான தேர்வு. வாகனத்தை விட்டு அதிகம் விலகாதவர்கள் பெரியதை எண்ணிப் பார்க்கலாம்.

கண்வில்லை நேராக அமைந்த வகையும் 45 பாகை சாய்ந்த வகையும் உண்டு. சாய்ந்த வகையில் குனிந்து பார்ப்பதால் முக்காலியைக் கண்மட்டத்திற்கு உயர்த்த வேண்டியதில்லை. உயரம் குறைந்த, எடை குறைந்த முக்காலியே போதும். உயரமானவரும் சிறுவரும் அதை மாற்றியமைக்காமலே அடுத்தடுத்துப் பார்க்கவும் இயலும்.

முக்காலியில் அலுமினிய வகை விலை குறைந்தது. கார்பன் இழை வகை எடை குறைந்தது. எனினும் அளவுக்கு மீறி இலேசான முக்காலி கடற்கரைக் காற்றில் அதிரும். அதன் நடுத்தண்டின் கொக்கியில் நம் தோள்பையைத் தொங்கவிட்டால் அதிர்வு அடங்கும். நடுத்தண்டை உயர்த்துவதைத் தவிர்த்து, கால்களின் தடித்த பகுதிகளை முதலில் நீட்டுவதும் உறுதி தரும்.

தோளில் வைக்கும் முறை

பலரும் தொலைநோக்கியைப் பொருத்திய நிலையிலேயே முக்காலியைத் தோளில் சாய்த்து நடக்கின்றனர். தொலைநோக்கி பின்புறம் வெகுவாக நீண்டு நிற்க, முன்புறத்தில் கால்களைக் கையால் கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்கின்றனர். தராசின் இயல்பை அறிந்தோர்க்கு இதன் விளைவு புரியும். கருவியின் எடையோடு நம் கை இழுக்கும் விசையும் சேர்ந்து தோளின் மேல் இறங்குகிறது. நான்கு கிலோ சுமை அதனினும் மிகுந்த சுமையாகிவிடுகிறது.

இதற்குத் தீர்வு எளியது. தொலைநோக்கி பொருத்திய முக்காலியைப் படுக்கைவாட்டில் ஒரு விரலின் மேலோ நாற்காலியின் முதுகிலோ தாங்கிப் பார்த்தால், இருபுறமும் சாயாமல் நிற்கும் இடம் ஒன்று தெரியும். அது தலைப்பகுதிக்கு அருகிலேயே இருக்கும். அவ்விடத்தில் வண்ண நாடா ஒன்றைச் சுற்றி வைத்து, அந்த இடமே தோளில் அமரும்படி வைத்தால் கைக்கு வேலை குறையும். அது கருவியை விழாமல் காத்தால் போதும்.

அடுத்தது மெத்தை. மெல்லிய உலோகக் குழாய் தோள் எலும்பில் அழுந்துவதே வலிக்குப் பெருங்காரணம். குளிர்சாதனக் கருவியின் செம்புக் குழாய்களுக்கு உறையாக இடும் கருநிற நுரைக்குழாயை நீளவாட்டில் கீறி, முக்காலிக் கால்களின் மேற்பகுதியில் மாட்டி நாடாவால் கட்டிவிடலாம். இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. குளிர்காலை வேளையில் உலோகத்தின் சில்லிப்பும் கையைத் தாக்காது.

பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை தோள் மாற்றுவதும், தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கி எழுவதும் பழக்கமாக வேண்டும். முதுகெலும்பு, தோள்மூட்டுத் தொல்லை உள்ளவர்கள் மருத்துவரின் கருத்தைக் கேட்டுப் புறப்படுவது நல்லது.

முதுகுக்கு மாற்றுதல்

ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடப்பதாயின் சுமையை இரு தோள்களுக்கும் பகிர்வதே சிறந்தது. முக்காலியின் இரண்டு கால்களோடு பிணைத்து, பள்ளிப் பைபோல் முதுகில் மாட்டிக்கொள்ளும் பட்டைகள் விற்பனையில் உள்ளன. இரு கைகளும் விடுபடுவதால் இருநோக்கியை உடனே உயர்த்திப் பார்க்க முடியும். தாழ்ந்த கிளைகளின் கீழே குனிந்து செல்கையில் மட்டும், தலைக்கு மேல் நிற்கும் தொலைநோக்கியை மறந்துவிடலாகாது.

நீண்ட நடைக்குத் தொலைநோக்கியைக் கழற்றி முதுகுப் பைக்குள்ளும், முக்காலியை மடக்கிப் பையின் பக்கவாட்டிலும் வைப்பது இன்னும் இலகுவானது. இடுப்புப் பட்டை உள்ள பையானால் சுமையின் பெரும்பகுதி இடுப்புக்கு இறங்கும். இருநோக்கியின் கழுத்து வாரையும் குறுக்குப் பட்டையாக மாற்றிக்கொண்டால் கழுத்து முழுமையாக விடுதலை பெறும்.

குழுவாகச் செல்வோர் ஆளுக்கொரு தொலைநோக்கி கொண்டு செல்லத் தேவையில்லை. நால்வருக்கு ஒன்று போதும். ஒருவர் தொலைநோக்கியையும் மற்றொருவர் முக்காலியையும் சுமந்து, முறை மாற்றிக்கொள்ளலாம்.

மூன்று இடங்கள், மூன்று முறைகள்

இராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்கா ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. 1985-இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அதன் உட்பாதைகளில் மிதிவண்டியிலும் ரிக்‌ஷாவிலும் சென்று பறவைகளைக் காணலாம். ரிக்‌ஷா ஓட்டுநர்களில் பலர் பறவைகளை நன்கறிந்த வழிகாட்டிகள். அவர்களது வண்டியில் செல்கையில் தொலைநோக்கியை முக்காலியில் பொருத்திய நிலையிலேயே இருக்கையில் சாய்த்து வைத்துக்கொள்ளலாம். வேண்டிய இடத்தில் இறக்கி நிறுத்தினால் போதும். இத்தகைய இடத்திற்குப் பெரிய தொலைநோக்கியும் கனத்த முக்காலியும் தடையல்ல.

ஒடிசாவின் சிலிகா ஏரியின் வடகரையில் உள்ள மங்களாஜோடி வேறு வகை. முன்னர்ப் பறவை வேட்டையில் ஈடுபட்ட ஊரார் இன்று அவற்றின் காவலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் விளங்குகின்றனர். நாணல்களுக்கு இடையே அவர்கள் செலுத்தும் சிறு படகுகளில் சென்றால் கருவால் மூக்கன்களை மிக அருகில் காணலாம். அசையும் படகில் தொலைநோக்கிக்குப் பயன் குறைவு. அங்கே இருநோக்கியே துணை. தொலைநோக்கியைக் கரையிலோ காட்சிக் கோபுரத்திலோ நிறுத்திப் பயன்படுத்தி, படகேறும்முன் பாதுகாப்பாக வைத்துச் செல்வது அறிவுடைமை.

குஜராத்தின் கட்ச் வளைகுடாவில், ஜாம்நகரிலிருந்து சாலைவழி செல்லத்தக்க நராரா கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தது. கடல் வற்றும் நேரத்தில் பவளப் பாறைத் தளத்திலும் சேற்றிலும் நடந்தே பறவைகளைக் காண வேண்டும். கால் வழுக்கும் இடத்தில் ஒரு தோளில் சாய்த்த முக்காலி நம் நிலையைத் தடுமாறச் செய்யும். கருவி முதுகில் இருப்பதே பாதுகாப்பு. வனத்துறையின் அனுமதியோடு செல்வதும், கடல் ஏறும் நேரத்தைக் கேட்டறிந்து திரும்புவதும் கட்டாயம். திரும்பியதும் முக்காலியின் கால்களை நன்னீரில் கழுவி உலர்த்த வேண்டும். உப்பு தங்கினால் அதன் பூட்டுகள் இறுகிவிடும்.

கவனிக்க வேண்டியவை

ஒவ்வொரு முறை தோளில் ஏற்றும் முன்பும் தொலைநோக்கியை முக்காலியோடு இணைக்கும் தட்டின் பூட்டை விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். இதற்கு ஒரு நொடி ஆகும். தவறினால் கருவியே போய்விடும்.

விமானப் பயணத்தில் தொலைநோக்கியைக் கைப்பையிலும் முக்காலியைச் சரக்குப் பெட்டியிலும் வைப்பது நன்று. உள்நாட்டுப் பயணத்தில் சாதாரண வகுப்பினரின் கைப்பைக்குப் பொதுவாக 7 கிலோவே வரம்பு என்பதால், இங்கும் இலேசான கருவி கைகொடுக்கும்.

எல்லைப் பகுதிகள், துறைமுகங்கள், அணைகள் ஆகியவற்றின் அருகே முக்காலியில் நிறுத்திய தொலைநோக்கி ஐயத்தை எழுப்பக்கூடும். அடையாள அட்டையை உடன் வைத்திருந்து, முன்கூட்டியே அனுமதி பெறுவது தேவையற்ற தொல்லையைத் தவிர்க்கும். வாங்கிய ரசீதையும் கருவியின் வரிசை எண்ணையும் வீட்டில் பத்திரப்படுத்தினால், பழுதுபார்க்கும் உத்தரவாதத்திற்கும் பொருள் தொலைந்தால் புகார் அளிக்கவும் உதவும்.

வாங்குமுன் கடையிலேயே தொலைநோக்கியை முக்காலியில் பொருத்தித் தோளில் வைத்து, கால் மணி நேரம் நடந்து பார்க்க அனுமதி கேட்கலாம். கடைக்காரர் வியப்படையலாம், நம் தோள் உண்மையைச் சொல்லிவிடும்.

ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தில் ஆசிய நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. 1987-இல் தொடங்கிய இப்பணியில் ஆர்வமுள்ள பொதுமக்களும் பங்கு கொள்கின்றனர். எட்டாத் தொலைவில் நிற்கும் கூட்டத்தை ‘இனம் தெரியாத உள்ளான்கள்’ என்று குறிப்பதா, இனம் பிரித்து எண்ணுவதா என்பது, அக்காலை நேரத்தில் ஏரிக்கரைவரை ஒருவர் தொலைநோக்கியைச் சுமந்து வந்தாரா என்பதைப் பொறுத்தே அமைகிறது. வரும் ஜனவரிக்குள் ஒரு நுரைக்குழாயும் நல்லதொரு முதுகுப் பட்டையும் வாங்கி, அலமாரியில் உள்ள கருவியை வெளியே எடுப்போம்.