செய்தவன் எங்கே?

பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் இலக்கணம் படித்தவர்கள் செய்வினை, செயப்பாட்டு வினைப் பாடத்தை எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். "ராமன் மாம்பழத்தைத் தின்றான்" என்ற வாக்கியத்தை "மாம்பழம் ராமனால் தின்னப்பட்டது" என்று மாற்றி எழுத வேண்டும். எழுவாய் இருந்த ஆசனத்தில் மாம்பழம் ஏறி அமர்ந்துகொள்ளும். 'ஏட்' என்ற வினைச்சொல் 'வாஸ் ஈட்டன்' என்று உருமாறும். ராமனோ 'பை' என்ற சின்னஞ்சிறு சொல்லின் கையைப் பிடித்துக்கொண்டு வாக்கியத்தின் கடைக்கோடிக்குப் போய் நிற்பான். மாணவர்கள் இவ்வாறு பத்து வாக்கியங்களைத் திருப்பிப் போட்டு மார்க்கு வாங்கிவிடுகிறார்கள். திருப்பிப் போடுவதனால் என்ன லாபம் என்பதைத்தான் யாரும் விசாரிப்பதில்லை.

லாபம் அந்தக் கடைக்கோடியில் இருக்கிறது. செய்வினை வாக்கியத்தில் ராமனை எடுத்துவிட்டால் வாக்கியமே இடிந்து விழும். செயப்பாட்டு வினையிலோ ராமனைத் தாராளமாக வெளியே அனுப்பிவிடலாம். "மாம்பழம் தின்னப்பட்டது." வாக்கியம் பூரணமாக நிற்கிறது, இலக்கணத்தில் பிழை கிடையாது, தின்றவனை மட்டும் காணோம்! இங்கிலீஷ் எழுத்தில் அன்றாடம் நாம் காணும் செயப்பாட்டு வினைகளில் மிகப் பெரும்பாலானவை இப்படிச் செய்தவனை விட்டுவிட்டவைதாம்.

இதனால் இந்த அமைப்பே குற்றமுள்ளது என்று முடிவு கட்டிவிடலாகாது. "என் சைக்கிள் திருடப்பட்டது" என்று போலீஸ் ஸ்டேஷனில் ஒருவர் எழுதிக் கொடுக்கிறார். திருடியவன் யார் என்று தெரிந்தால் அவர் அங்கே ஏன் வருகிறார்? "திருடன் கைது செய்யப்பட்டான்" என்று பத்திரிகை எழுதுகிறது. கைது செய்வது போலீஸார் என்பது குழந்தைக்கும் தெரியும். "லிங்கன் 1865-ம் ஆண்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்" என்னும்போது நம் மனம் லிங்கனிடமே நிற்கிறது. கொலைகாரன் பெயரைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். விஞ்ஞானிகள் "திரவம் சூடாக்கப்பட்டது" என்று எழுதுவதும் இத்தகையதே. சூடாக்கியவர் எவரானாலும் திரவம் ஒரே மாதிரிதான் கொதிக்கும்!

ஆயினும், செய்தவன் தெரிந்தவனாகவும், வாசகன் அவனை அறிய வேண்டியதாகவும் உள்ள இடத்தில் அவன் மறைந்துபோனால் விஷயம் வேறாகிறது. அமெரிக்க ஜனாதிபதி கிராண்ட், 1876-ம் ஆண்டில் காங்கிரஸுக்கு விடுத்த செய்தியில், தம் ஆட்சியில் தவறுகள் செய்யப்பட்டுள்ளன என்று சொன்னார். ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரத்தைப்பற்றி 1987-ம் ஆண்டில் பேசிய ஜனாதிபதி ரீகனும், அந்த முயற்சியில் கடுமையான தவறுகள் செய்யப்பட்டன என்றார். அபாயமான காரியத்தில் இறங்கியதற்குத் தாமே பொறுப்பு என்று அதே பிரசங்கத்தில் அவர் ஒப்புக்கொண்டது உண்மை. ஆனால் தவறுகளைப்பற்றிய வாக்கியத்தில் மட்டும் செய்தவர் பெயர் இல்லை. தவறுகள், மழைக்காலத்துக் காளான்களைப்போலத் தாமாகவே முளைத்துவிட்டன!

நம் தேசத்துச் சரித்திரத்திலிருந்தும் ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். "1919-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந் தேதி அமிர்தசரஸில் துப்பாக்கிப் பிரயோகம் செய்யப்பட்டது, சர்க்கார் கணக்குப்படி 379 பேர் கொல்லப்பட்டனர்." இதில் பொய் ஒன்றும் இல்லை. இப்போது இதைப் பாருங்கள்: "ஜெனரல் டயர் சுடும்படி உத்தரவிட்டார், அவருடைய சிப்பாய்கள் 1,650 முறை சுட்டார்கள்." இரண்டும் ஒரே நிகழ்ச்சியைப்பற்றியவைதாம். முதல் வாக்கியத்தைப் படிக்கும்போது ஏதோ பூகம்பம் நிகழ்ந்ததுபோல் இருக்கிறது. இரண்டாவதைப் படிக்கும்போது ஒரு மனிதன் நம் கண் முன் நிற்கிறான். ஹண்டர் கமிட்டியின் முன் டயர் தம் செயலைத் தம்முடையது என்றே சொன்னார். செய்தவரே மறைக்காததை எழுதுகிறவர்கள் மறைக்கலாமா?

இந்த அபாயத்தைக் கண்டு ஆங்கில ஆசிரியர் ஜார்ஜ் ஆர்வெல் கோபம் கொண்டார். இவர் 1903-ல் நம் பீஹார் மாகாணத்து மோத்திஹாரியில் பிறந்தவர். அரசியலையும் ஆங்கில பாஷையையும்பற்றி 1946-ல் எழுதிய கட்டுரையில், செய்வினை போதுமான இடத்தில் ஒருநாளும் செயப்பாட்டு வினை கூடாது என்று விதி வகுத்தார். வேடிக்கை என்னவென்றால், அக்கட்டுரையின் முதல் வாக்கியத்திலேயே ஒரு செயப்பாட்டு வினை இருக்கிறது! ஆகையால் விதியைவிட விசாரணையே மேல். செயப்பாட்டு வினை வருமிடத்தில் எல்லாம் "யாரால்?" என்று கேளுங்கள். "தெரியாது" என்றோ, "தெரிந்ததுதானே" என்றோ, "தேவையில்லை" என்றோ பதில் வந்தால் வாக்கியம் யோக்கியமானது. "சொல்ல விருப்பமில்லை" என்று பதில் வந்தால் அங்கே விழித்துக்கொள்ள வேண்டும்.

இந்த அமைப்பு நமக்கும் தூரத்து விஷயம் அல்ல. நம் சர்க்கார் காரியாலயத்து இங்கிலீஷில், கீழே கையெழுத்திட்டிருப்பவர் இன்னது தெரிவிக்கும்படி பணிக்கப்பட்டிருக்கிறார் என்று தொடங்கும் வாய்பாடு இன்றும் வழங்குகிறது. பணித்தவர் யார்? கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் தெரியாது. அந்த நடை தமிழிலும் புகுந்து, "பொதுமக்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்று அறிவிப்புப் பலகைகளில் நிற்கிறது. 'படு' என்னும் துணைவினை தமிழுக்குப் பழையதே. ஆனால் வீட்டுப் பேச்சில் அதற்கு அதிக வேலை இல்லை. "காபி போடப்பட்டது" என்று எந்தத் தாயார் சொல்கிறாள்? "காபி போட்டாச்சு" என்பதோடு சரி. அங்கேயும் போட்டவள் பெயர் இல்லை என்பீர்கள். போட்டவள் எதிரிலேயே நிற்கிறாள் அல்லவா?

பெரிய சாஸனங்கள் இந்த விஷயத்தில் நமக்குப் பாடம் சொல்கின்றன. பிரிட்டிஷ் பார்லிமெண்டுச் சட்டங்கள் செயப்பாட்டு வினையில்தான் தொடங்கும். எனினும் மன்னரால், பார்லிமெண்டின் சம்மதத்துடன், என்று இயற்றுகிறவரைத் தெளிவாகச் சொல்லிவிடும். 1935-ம் ஆண்டின் இந்திய சர்க்கார் சட்டமும் அப்படியே. சுதந்திர இந்தியாவின் அரசியல் நிர்ணய சபை 1949-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி ஏற்றுக்கொண்ட சாஸனத்தின் முகவுரையோ, இந்திய மக்களாகிய நாம் என்று எழுவாயை முதலில் நிறுத்தி, நமக்கு நாமே இதை வழங்கிக்கொள்கிறோம் என்று செய்வினையில் முடிகிறது. செய்தவர் யார், பொறுப்பு யாருடையது என்ற சந்தேகத்துக்கே அதில் இடம் இல்லை.

நம் வீட்டுக் குழந்தைகள் அடுத்த முறை "கண்ணாடி உடைக்கப்பட்டது" என்று இலக்கணம் பேசினால், "யாரால்?" என்று அன்போடு கேளுங்கள். "நான் உடைத்தேன்" என்று சொல்லக் கற்றுக்கொண்ட குழந்தை, நாளைக்கு நாட்டின் பெரிய உத்தியோகத்தில் அமர்ந்தாலும் அவ்வாறே எழுதும்.