ஆற்றுவழி ஏறும் கடல்வெள்ளத்தைத் தடுத்தல்

கடலுடன் கலக்கும் ஆற்றின் கீழ்ப்பகுதியில் நீர் நாள்தோறும் ஏறி இறங்கும். இதனை வற்றுப்பெருக்கு என்பர். பெருக்கு மிகுந்த வேளையிற் புயற்காற்றும் சேருமாயின், கடல்நீர் ஆற்றின் வழியே மேலேறித் தொலைவிலுள்ள நகரையும் மூழ்கடிக்கும். 1953ஆம் ஆண்டு சனவரி 31ஆந் திகதி இரவு வடகடலில் இவ்வாறு நேர்ந்தது. இங்கிலாந்தில் 307 பேரும் ஒல்லாந்தில் 1,836 பேரும் மாண்டனர். கடல்நீர் நின்ற விளைநிலங்கள் உவரேறிக் கெட்டன.

தேம்சு நதித் தடுப்பு

இவ்வழிவின் பின், இலண்டன் நகரைக் காத்தற்பொருட்டுத் தேம்சு நதிக்குக் குறுக்கே 520 மீற்றர் நீளமான தடுப்பு அமைக்கப்பட்டது. அது 1982இல் தொழிற்படத் தொடங்கியது. அதன் 10 கதவுகளுட் பெரியவை நான்கு; ஒவ்வொன்றும் 61 மீற்றர் அகலமான வழியை அடைக்கும். சாதாரண நாட்களில் இவை ஆற்றின் அடியிலுள்ள கொங்கிறீற்றுக் குழிவிற் கிடக்கும். கப்பல்கள் அவற்றின் மேலாகச் செல்லும். ஆபத்து வருமெனின் அவை சுழன்றெழுந்து நிற்கும்.

மூடும் காலம்

கடல் பொங்கிய பின்னரே கதவு மூடப்படும் எனச் சிலர் எண்ணக்கூடும். அவ்வாறன்று. அதற்கு முந்திய வற்று முடிந்தவுடனேயே மூடுவர். ஏனெனில், மேற்புறத்து ஆற்றுநீர் கதவு மூடிய பின்னும் வந்துகொண்டேயிருக்கும். ஆறு தாழ்ந்திருக்கும்போது மூடினால் அந்நீர் தங்க இடமுண்டு. நிறைந்தபின் மூடினால், கடலைத் தடுத்தும் ஆற்றுநீராலேயே கரை மூழ்கும். கடல் இறங்கி இருபுறமும் நீர்மட்டம் ஒத்ததும் கதவுகள் திறக்கப்படும். 2013-2014 மாரிகாலத்தில் இத்தடுப்பு 50 தடவை மூடப்பட்டது. அவற்றுட் பெரும்பாலானவை மழையாற் பெருகிய ஆற்றுக்கு இடந்தருவதற்காகவேயாம்.

நம் நாட்டில்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தொண்டைமானாற்று அணை நகரைக் காப்பதற்கன்று. கடல்நீர் கடனீரேரியினுட் புகாது தடுப்பதற்காகும். எனினும் விதி ஒன்றே: கடலுக்கு மூடுதல், மாரி வெள்ளத்துக்குத் திறத்தல். கதவு பழுதுற்றால் உவர்நீர் புகுந்து அயல் வயல்களையும் கிணறுகளையும் கெடுக்கும். காலத்தில் திறவாவிடின் பயிர் வெள்ளத்தில் அழுகும்.

ஆகவே, இத்தகைய அணைகளை அடுத்த கமக்காரர் கவனிக்க வேண்டியவை:

1. கதவில் ஒழுக்குக் காணின், மாரிக்கு முன்னரே உரிய அலுவலருக்கு அறிவித்தல்.

2. கதவுகளையோ பலகைகளையோ தாமாகத் திறவாதிருத்தல். ஒருவர் வயலின் நீரை வடிக்கத் திறந்த வழியால் உவர் புகுந்து, பலர் வயலைக் கெடுக்கலாம்.

3. வடிகால் வாய்க்கால்களைத் துப்புரவாக வைத்திருத்தல். வாய்க்கால் அடைபட்டிருப்பின், அணை திறந்தும் வயல்நீர் வடியாது.