மின்ஷாவியின் மூச்சும் நம் பள்ளிவாசல் எக்கோவும்

நோன்பு காலத்தில் அஸருக்குப் பிறகு கல்முனைக்குடியிலிருந்து சாய்ந்தமருது வரை கடைத்தெருவால் நடந்து போனால் வழிநெடுக கிராஅத் (குர்ஆன் ஓதல்) கேட்கும். சமூசா பொரிக்கிற கடையில் அப்துல் பாஸித், அடுத்த ஃபோன் கடையில் ஹரம் ஷரீபின் தராவீஹ், அதற்கடுத்த கடையில் பெயர் தெரியாத ஓர் இளம் காரி. "உங்களுக்குப் பிடித்த கிராஅத் பதிவு எது?" என்று ஊரில் கேட்டு எழுதித் தரச் சொன்னது ஆசிரியர் குழு. கேட்டேன். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் யோசிக்காமல் அப்துல் பாஸித் என்கிறார்கள். அவர்களின் பிள்ளைகள் ஹரம் இமாம்கள் என்கிறார்கள். இன்னொரு காரியான மின்ஷாவியின் பெயரைச் சொன்னவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலரின் பக்கம்தான் நானும் நிற்கிறேன்.

அப்துல் பாஸித் இந்தக் கரையோரத்துக்கு வந்தது பெரும்பாலும் கசட்டில். சவூதிக்கும் குவைத்துக்கும் கட்டாருக்கும் உழைக்கப் போனவர்கள் பெட்டி கட்டி வந்தபோது டூ-இன்-வன் ரேடியோவோடு அவருடைய குரலும் வந்தது. தக்வீர் அத்தியாயத்தில் ஒரே மூச்சில் ஏறி ஏறி அவர் போகும் இடத்தில், கேட்கிறவருக்கும் மூச்சு நின்றுவிடும். அந்த மூச்சுக்காகவே அவரைக் கொண்டாடுகிறார்கள், அதில் தப்பில்லை. 1927ல் மேல் எகிப்தில் பிறந்து 1951ல் கெய்ரோ வானொலிக்கு வந்தவர் அவர். 1988ல் மறைந்த பிறகும் நம் கடைகளில் ஓதிக்கொண்டுதான் இருக்கிறார்.

ஆனால் நம் ஓதல் பள்ளிகளில் காதுக்கு அளவுகோலாக இருக்கவேண்டியவர் ஹுஸரி. முழுக் குர்ஆனையும், ராகத்தை விரிக்காமல் சீராக ஓதும் முறத்தல் முறையில் முதன்முதலாக ஒலிப்பதிவு செய்தவர் மஹ்மூத் கலீல் அல்ஹுஸரிதான். 1961ல் வெளிவந்தது அது. 1964ல் கெய்ரோவில் குர்ஆனுக்கென்றே தனி வானொலி தொடங்கியபோது அதைத் தாங்கி நின்றதும் அந்தப் பதிவுதான். மத்து (நீட்டல்) எத்தனை ஹரகத் (மாத்திரை), குன்னா (மூக்கொலி) எங்கே முடிகிறது, வக்புக்கு (நிறுத்தத்துக்கு) பிறகு எங்கிருந்து திரும்ப எடுக்கவேண்டும் என்று சந்தேகம் வந்தால் ஹுஸரியைப் போட்டுக் கேள் என்று உஸ்தாதுமார் சொல்வது சும்மா இல்லை.

ரஹ்மான் அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 78 வசனங்களில் ஒரே வசனம், ஒரு கேள்வியாக, 31 தடவை திரும்பி வருகிறது. ஒரு காரியை உரசிப் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஹுஸரியின் முறத்தலில் அந்தக் கேள்வி ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ ஒரே நிறையில் விழும். முதலில் சலிப்பாகத் தோன்றும். பாதி தாண்டியதும் அதுவே கனத்துவிடும். அப்துல் பாஸித் அதையே மேலே தூக்கி ஒளிரவைக்கிறார். மின்ஷாவியிடம் அந்தக் கேள்வி கேட்கிறவனைப் பார்த்துத் திரும்புகிறது, அதட்டலே இல்லாமல்.

பியானோ இசை கேட்கிறவர்களிடமும் இதே மாதிரியான வாக்குவாதம் உண்டு. கனடாக்காரரான கிளென் கூல்ட், பாஹ் எழுதிய கோல்ட்பெர்க் மாறுதல்களை 1955ல் தன் 22ஆவது வயதில் பதிவு செய்தார். 38 நிமிடம்தான். 1981ல் அதையே மறுபடி பதிவு செய்தபோது 51 நிமிடம் பிடித்தது. எழுதிவைத்த சுரம் ஒன்றுதான், வாசித்தவரும் ஒருவர்தான். வேகம் மாறியதும் கேட்கிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். நம் காரிகளும் ஒரே வேதத்தை முறத்தலாகவும், ராகம் விரித்து ஓதும் முஜவ்வதாகவும் இரண்டு நடையில் பதிவு செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆனால் இங்கே ஓதுகிறவருக்குத் தஜ்வீத் என்ற வேலி இருக்கிறது. ஒரு மத்தைத் தன் இஷ்டத்துக்கு நீட்டவோ சுருக்கவோ அவரால் முடியாது. அந்த வேலிக்குள் நின்றுகொண்டு மூன்று பேரும் இவ்வளவு தூரம் வேறுபடுகிறார்களே, அதுதான் எனக்குத் தீராத ஆச்சரியம்.

முஹம்மத் ஸித்தீக் அல்மின்ஷாவி 1920ல் பிறந்து 1969லேயே போய்விட்டார். தகப்பனாரும் பெயர்பெற்ற காரி. மின்ஷாவியின் முஜவ்வதில் யூசுப் அத்தியாயத்தைக் கேட்கவேண்டும். மகனை நினைத்து நினைத்து யஃகூப் நபியின் கண்கள் வெளுத்துப்போகும் இடம் வரும். அங்கே அவர் குரலை உயர்த்துவதில்லை. ஒரு சொல்லில் நிற்கிறார். பிறகு ஒன்றுமில்லை. ஆள் மூச்சை உள்ளே இழுப்பது தெளிவாகக் கேட்கிறது. அதே துண்டை இன்னும் கொஞ்சம் முன்னாலிருந்து திரும்ப எடுக்கிறார், இந்தத் தடவை வேறு மகாமில் (ராகத்தில்). அழுகைக்கும் ஓதலுக்கும் நடுவில் எப்படி அவ்வளவு நேரம் கால் தடுக்காமல் நடந்தார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

என்னைப் பொறுத்தவரை கிராஅத்தின் பாதி உயிர் அந்த நிறுத்தத்தில்தான் இருக்கிறது. நம் ஊர்களில் இன்று செத்துக்கொண்டிருப்பதும் அதுதான். கொல்வது எக்கோ.

பள்ளிவாசல் மிக்ஸரில் எக்கோ திருகி ஒன்று இருக்கிறது. எந்தப் பள்ளியிலும் போய்ப் பாருங்கள், அது பாதிக்கு மேல் திருகித்தான் கிடக்கும். ஏன் இவ்வளவு என்று சவுண்ட்ஸ்காரத் தம்பி ஒருவரிடம் கேட்டேன். "எக்கோ இல்லாட்டி வெறுஞ் சத்தமாக் கெடக்கும் காக்கா, ஆக்கள் ஏசுவாங்க" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆக்கள் ஏசத்தான் செய்வார்கள். ஃபோனில் கேட்டுப் பழகிய குரல்களெல்லாம் எக்கோவில் ஊறிய குரல்கள்.

அதனால் என்ன கெடுகிறது? இயல்பான மத்து இரண்டு ஹரகத். அதன்மேல் எக்கோ இன்னும் ஒரு வினாடி வாலை ஒட்டிவிட்டால் கேட்கிற பிள்ளைக்கு அது நாலாகவும் ஆறாகவும் படுகிறது. கல்கலா எழுத்து ஐந்தும் தாமாகவே சின்னதாக அதிர்ந்து நிற்கவேண்டியவை. எக்கோவில் எல்லா எழுத்துமே அதிர்வதால் கல்கலா எது என்று பிரித்தறிய முடியாது. ஸீனும் ஸாதும் ஒன்றோடொன்று குழம்புகின்றன. வக்பில் ஓதுகிறவர் நிறுத்திவிடுகிறார், ஒலிபெருக்கி நிறுத்துவதில்லை. முந்திய சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் போய் விழுகிறது. யூசுப் அத்தியாயத்தில் மின்ஷாவி நின்ற அந்த இடத்தை இந்த மிக்ஸர் வழியாகப் போட்டால் அங்கே நிறுத்தம் என்று ஒன்றே இருக்காது.

பெரிய மண்டபத்தில் இயற்கையாகவே எதிரொலி உண்டு, ஹரமிலும் உண்டு, சனத்துக்கு அதில் பயபக்தி வருகிறது என்பார்கள். வரட்டும். ஹரமின் எதிரொலி கல்லிலிருந்தும் வெளியிலிருந்தும் வருவது. தகரக் கூரையும் மின்விசிறியும் உள்ள மஹல்லாப் பள்ளிக்கு அதை இரவல் வாங்க முடியாது.

 

எக்கோவால் ஓதுகிறவருக்கு வரும் கேடு, கேட்கிறவருக்கு வருவதைவிடப் பெரிது. தன் பிழை தன் காதுக்கே கேட்காமல் போகிறது. மூச்சுப் பற்றாமல் சொல்லின் நடுவில் உடைந்தாலும் எக்கோ மூடிவிடும். கிராஅத் போட்டி மேடைகளில் இதைக் கண்ணாரக் காணலாம். பிள்ளை மேடைக்கு வந்ததும் காதில் கை வைத்து, அரபுக் காரி ஒருவரின் சாயலைப் பிடித்து, ஒலிபெருக்கியில் சாய்ந்து நிற்கிறது. நடுவர்கள் சாயலுக்குப் புள்ளி போடுகிறார்கள். அதே பிள்ளையை மைக் இல்லாமல் வகுப்பறையில் ஓதவிட்டால் இரண்டாவது வசனத்திலேயே தடுமாறுகிறது.

அட்டாளைச்சேனைப் பக்கம் ஒரு மத்ரஸாவில் உஸ்தாத் ஒருவர் இதற்கு வழி கண்டிருக்கிறார். மின்ஷாவி ஓத, பின்னால் சிறுபிள்ளைகள் சேர்ந்து திருப்பிச் சொல்லும் முஅல்லிம் பதிவைத்தான் சின்ன வகுப்புக்குப் போடுகிறார். பெரிய வகுப்புப் பிள்ளைகளை மெத்தையும் திரைச்சீலையும் நிறைந்த அறைக்குள் அனுப்பி, சாதாரண ஃபோனில் தங்கள் ஓதலைப் பதிவு செய்துவரச் சொல்கிறார். அந்த அறையில் எதிரொலியே கிடையாது. முதல் தடவை கேட்கிற பிள்ளைகள் முகத்தைச் சுளிக்கிறார்கள், இது என் குரலே இல்லை உஸ்தாத் என்கிறார்கள். பிறகு விரல் மடித்து ஹரகத் எண்ணத் தொடங்கும்போது தாங்கள் இரண்டென்று நினைத்தது மூன்றாக இழுபட்டிருப்பது தெரியவருகிறது. தராவீஹ் தொழுவிக்கப்போகும் ஹாபிழ்கள் ஒவ்வொருவரும் ஷஃபான் மாதத்தில் ஒரு ஜுஸ்உவையாவது இப்படிப் பதிவு செய்து கேட்டுவிட்டுத் தொழுவிக்க வரவேண்டும் என்கிறார் அவர். நம் பள்ளி நிர்வாகங்கள் அந்த மாதத்திலேயே மிக்ஸரின் எக்கோ திருகியையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்பது அதோடு நான் சேர்க்கும் கோரிக்கை.