ஊன்றுகால் ஒடிந்தால்

புங்குடுதீவின் மேற்குக் கரையிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறையில், நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் படகேறுவோர் தம் மோட்டார் சைக்கிள்களைக் கரையில் வரிசையாகச் சாய்த்து நிறுத்திவிட்டுச் செல்வது அன்றாடக் காட்சி. சில வண்டிகள் படகில் ஏற்றப்பட்டு அக்கரைக்கும் போகின்றன. அவ்வரிசையில் புது வண்டிகளோடு, பல ஆண்டுகள் உழைத்துத் தேய்ந்த பழைய வண்டிகளும் நிற்கும். அவை ஒவ்வொன்றையும் விழாமல் தாங்குவது ஒரு சாண் அளவான இரும்புக் கால் ஒன்றே. சைட் ஸ்ராண்ட் என்று ஊரார் வழங்கும் இந்த ஊன்றுகாலைப் பற்றி, அது ஒடியும் நாள்வரை எவரும் எண்ணுவதில்லை.

தீவகத்தாருக்குப் பழைய வண்டியின்மீது உள்ள பற்றுக்குக் காரணம் உண்டு. ஹொண்டா நிறுவனத்தின் கப் வகை வண்டிகளும், ஜப்பானியத் தபாற்காரருக்கென அதே அமைப்பில் ஆக்கப்பட்ட எம்.டி. 90 வண்டியும் யாழ்ப்பாணப் பகுதியில் பெரிதும் விரும்பப்பட்டவை. 1990 ஆம் ஆண்டின் பின்னர், பெற்றோல் கிடையாதிருந்த காலத்தில், எஞ்சினைத் தொடக்குவதற்கு மட்டும் சில துளி பெற்றோலை விட்டு, அது சூடேறியதும் மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய அனுபவம் குடாநாட்டு மக்களுக்கு உண்டு. எறியாமல் திருத்திப் பயன்படுத்தும் பழக்கம் அவர்களுக்குக் காலம் கற்பித்த பாடம். ஆயின், எதனைத் திருத்தினாலும் முறையறிந்து திருத்த வேண்டும். ஊன்றுகாலைப் பொறுத்தவரை அம்முறை உயிரோடு தொடர்புடையது.

பெரும்பாலும் ஒடிவது ஊன்றுகால் அன்று. அது பூட்டப்பட்டிருக்கும் காதுத் தகடே. இதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, நெம்புகோலின் இயல்பு. 90 கிலோகிராம் நிறையுள்ள ஒரு வண்டி சாய்ந்து நிற்கையில், அந்நிறையில் பத்தில் மூன்று பங்கு ஊன்றுகாலில் இறங்குவதாகக் கொண்டால், அது 27 கிலோகிராம். 70 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் அதன்மேல் அமர்ந்து, அதே பங்கே இறங்கினாலும், சுமை 48 கிலோகிராமாகிவிடும். காலின் நீளம் 24 சென்ரிமீற்றர், காதின் அகலம் 4 சென்ரிமீற்றர் எனின், காலின் நுனியில் பக்கவாட்டில் எழும் விசை காதின் விளிம்பில் ஆறு மடங்காகத் தாக்கும். சாய்ந்து நிற்கும் வண்டிமேல் அமர்ந்தபடியே உதைத்துத் தொடக்குபவர் இந்தத் தாக்கத்தை மேலும் பெருக்குகிறார்.

இரண்டாவது காரணம் உலோகச் சோர்வு. ஒரே இடத்தில் பல்லாயிரம் முறை வளைவு ஏற்படுமாயின், ஒருமுறை சுமந்தால் எளிதில் தாங்கும் சுமையையே இரும்பு தாங்காது போய்விடும். வெல்டிங் தடத்தின் ஓரத்தில் மயிரிழை போன்ற வெடிப்புத் தோன்றி, நாளடைவில் நீளும். பூட்டாணி தளர்ந்து கால் ஆடத் தொடங்கினால், இவ்வழிவு விரைவுபெறும்.

மூன்றாவது காரணம் கடல். பண்ணைத் தாம்போதியிலும், வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் தாம்போதியிலும் இருமருங்கும் உவர்நீரே. காற்றோடு வரும் உப்பு, சேறு படிந்த மூலைகளில் தங்கி ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். துரு, தான் தோன்றிய இரும்பைவிடக் கூடிய இடத்தை அடைப்பதால், பூச்சை உள்ளிருந்தே தூக்கிப் பிளக்கும். வண்டியின் அடிப்பாகம் கண்ணுக்கு மறைவாதலால், இவை யாவும் அறியப்படாமலே நிகழ்கின்றன.

காது ஒடிந்தபின் காலைக் கயிற்றாலோ, பழைய ரியூப் துண்டாலோ கட்டிக்கொண்டு ஓடுவோர் உளர். இது பேராபத்து. ஊன்றுகால் இருப்பது இடப்புறம். கட்டு அவிழ்ந்து கால் கீழே தொங்கும்போது, இடப்பக்க வளைவில் வண்டி சாய்ந்தால், காலின் நுனி தெருவிற் குத்தி வண்டியையே தூக்கி எறிந்துவிடும். திருத்தும்வரை காலை முற்றாகக் கழற்றி வைத்துவிட்டு, நடு ஸ்ராண்டைப் பயன்படுத்துவதே அறிவுடைமை.

இனிப் பழுதுபார்க்கும் முறை. முதலில் காது எதனோடு சேர்ந்தது என்பதை அறிதல் வேண்டும். கப் வகை வண்டிகளில் ஊன்றுகால், கால்மிதிச் சட்டத்தோடு இணைந்தது. அச்சட்டம் எஞ்சினின் அடியில் நான்கு போல்ட்டுகளாற் பூட்டப்பட்டிருக்கும். இத்தகைய வண்டி உடையார் பேறுபெற்றவர். சட்டத்தை மட்டும் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுசென்றால் போதும். மீளப் பூட்டும்போது போல்ட்டுகளை அளவுமீறி முறுக்கலாகாது. அவை இறங்கும் புரிகள் அலுமினியத்தில் வெட்டப்பட்டவை, எளிதில் அழியக்கூடியவை.

வேறு பல வண்டிகளில் காது சட்டகக் குழாயோடு நேரே பற்றவைக்கப்பட்டிருக்கும். அங்கே வேலை வண்டியிலேயே நடைபெற வேண்டும். எச்சரிக்கையும் அதிகம் வேண்டும். பெற்றோல் தாங்கியைக் கழற்றி அப்புறப்படுத்தி, காபரேற்றரில் உள்ளதையும் வடித்துவிட வேண்டும். பற்றறியின் இரு முனைகளையும் பிரித்துவிட வேண்டும். மின்னணு முறையில் தீப்பொறி எழுப்பும் பெட்டி இருப்பின், அதன் இணைப்பையும் கழற்ற வேண்டும். வெல்டிங் இயந்திரத்தின் நிலக்கம்பியைக் காதுக்கு மிக அண்மையில், சுரண்டித் துலக்கிய இரும்பிலேயே கவ்வச் செய்தல் வேண்டும். அதனைச் சில்லிலோ எஞ்சினிலோ மாட்டினால், மின்னோட்டம் பெயாரிங்குகள் வழியே பாய்ந்து அவற்றைப் பழுதாக்கும். அருகே ஒரு வாளி மணல் இருத்தல் நன்று.

பின்னர் பூச்சையும் துருவையும் வெள்ளிரும்பு தெரியுமட்டும் நீக்க வேண்டும். குழாயைச் சிறு சுத்தியலாற் தட்டிப் பார்த்தால், நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும். உள்ளே அரித்த இடம் மந்தமாக ஒலிக்கும். அழுத்தினால் உள்வாங்கும் அளவுக்கு மெலிந்த குழாயில் காதை ஒட்டுவது வீண் செலவு. அப்பகுதியை வெட்டி மாற்றத்தக்க கைவினைஞரை நாட வேண்டும்.

குழாய் நலமாயிருந்து வெடிப்பு மட்டும் இருப்பின், வெடிப்பின் இரு நுனிகளிலும் 3 மில்லிமீற்றர் அளவில் துளையிட வேண்டும். கூரிய நுனியே வெடிப்பை முன்னே நடத்துவதாதலின், வட்டத்துளை அதனைத் தடுத்து நிறுத்தும். அதன்பின் வெடிப்பை ஆப்பு வடிவில் அராவி, உலோகம் அடிவரை இறங்க வழிசெய்ய வேண்டும். மெல்லிய குழாய்க்கு 2.5 மில்லிமீற்றர் வெல்டிங் குச்சியும் குறைந்த மின்னோட்டமும் ஏற்றவை. முதலில் இரண்டு மூன்று புள்ளிகளில் மட்டும் ஒட்டி, காலைப் பூட்டி நிலையைச் சரிபார்த்த பின்னரே முழுவதையும் ஒட்ட வேண்டும். சூடேறிய இடத்தில் நீர் ஊற்றுதல் கூடாது. திடீரெனக் குளிரும் இரும்பு நொறுங்குந் தன்மை பெறலாம்.

ஒடிந்த காதை இருந்தவாறே ஒட்டினால், அது அதே இடத்தில் மீண்டும் ஒடியும். ஆகவே குழாயின் அரைச்சுற்றைத் தழுவும் வளைதகடொன்றை முதலில் ஒட்டி, அதன்மேல் காதை அமைத்தால் சுமை பரந்து இறங்கும். வெல்டிங் தடங்கள் குழாயைக் குறுக்கே வெட்டாமல், அதன் நீளப்போக்கிலே அமைதல் சிறப்பு. மிக மெல்லிய குழாய்க்கு, வாயுச்சுடரால் பித்தளையை உருக்கி ஒட்டும் முறை உகந்தது. இரும்பு உருக ஏறத்தாழ 1500 பாகை சூடு வேண்டும். பித்தளைக்கு ஏறத்தாழ 900 பாகை போதும். ஆனால் பித்தளை ஏறிய இடத்தில் பின்னொருகால் மின்வெல்டிங் செய்தால் ஒட்டு வெடிக்கும் என்பதை மறத்தல் ஆகாது.

நிலை பார்ப்பதே முடிவான கட்டம். விரிந்து நிற்கும் கால், பூட்டாணிக்கு நேர்கீழே நில்லாமல் சற்று முன்னோக்கி நிற்க வேண்டும். அப்போதுதான் வண்டி சிறிது முன்னே உருண்டாலும் கால் மடியாது. ஸ்பிரிங், காலை மடிக்கும்போது மேலும், விரிக்கும்போது கீழும் இழுக்குமாறு பூட்டாணியின் நடுவைத் தாண்டிச் செல்ல வேண்டும். தளர்ந்த பழைய ஸ்பிரிங்கை மீண்டும் மாட்டுதல் பொய்ச் சிக்கனம். மணற்பாங்கான இடங்களில் கால் புதையாதிருக்க, நுனியில் உள்ளங்கையிற் பாதியளவு தகடொன்றை ஒட்டலாம். வளைவுகளில் அது தெருவைத் தொடாதிருத்தல் வேண்டும்.

ஒட்டிய இடத்தின் கசட்டைத் தட்டி நீக்கி, துத்தநாகம் கலந்த அடிப்பூச்சும் மேற்பூச்சும் இட்டு, பூட்டாணிக்குக் கிறீஸ் பூசினால் வேலை நிறைவெய்தும். தீவுகளில் நன்னீர் அரிது; வண்டியைக் கழுவ உவர்க்கிணற்று நீரை இறைப்பது துருவுக்கு விருந்திடுவதாகும். நன்னீரில் நனைத்த துணியால் அடிப்பாகத்தை வாரம் ஒருமுறை துடைத்தாலே பெரும்பயன் உண்டு. படகில் ஏற்றிய வண்டியை ஊன்றுகாலை நம்பி விடாமல், இருபுறமும் கயிற்றாற் கட்டுதல் வேண்டும்; அலையின் ஒவ்வோர் ஏற்ற இறக்கமும் காதுக்கு ஓர் அடியாகும்.

துடைக்கும்போது காதின் ஓரத்தில் மெல்லிய செங்கோடு ஒன்று தென்பட்டாலோ, நின்ற வண்டி முன்னையிலும் கூடுதலாகச் சாய்ந்தாலோ, வெடிப்புத் தொடங்கிவிட்டது என்று கொள்க. அன்றே பட்டறைக்குச் சென்றால் அரைமணி வேலையோடு முடியும். பிந்தினால், கடல் நடுவே செல்லும் ஒடுங்கிய தாம்போதியில் அதன் விலையைக் கொடுக்க நேரலாம்.