நெம்புருள் வடிவமைப்பு

நெம்புருள் (கேம்) என்பது சுழற்சியை, தன்மேல் அமர்ந்திருக்கும் பின்தொடரியின் ஏற்ற இறக்கமாக மாற்றும் பொறியுறுப்பு ஆகும். எஞ்சினின் வால்வுகளைத் திறப்பது இதுவே. நான்கு வீச்சு எஞ்சினில் நெம்புருள் தண்டு, கிராங்க் தண்டின் பாதி வேகத்தில் சுழலும்.

வடிவமைப்பின் முதல் படி இடப்பெயர்ச்சி வரைபடம். பின்தொடரி எத்தனை பாகையில் ஏறி, நின்று, இறங்க வேண்டும் என்பது அதில் குறிக்கப்படும். சீரான திசைவேக ஏற்றத்தை வரைவது எளிது. ஆனால் இரு முனைகளிலும் திசைவேகம் திடீரென மாறுவதால் முடுக்கம் கொள்கையளவில் முடிவிலியாகிறது. நடைமுறையில் அது தட்டும் ஓசையாகவும் தேய்மானமாகவும் வெளிப்படும். சீரிசை இயக்கத்தில் இக்குறை தணிந்தாலும், ஓய்விலிருந்து எழும் கணத்தில் முடுக்கம் தாவவே செய்கிறது. சைக்ளாய்டு வளைவில் முடுக்கம் சுழியில் தொடங்கிச் சுழியில் முடியும். அதன் உச்ச முடுக்கம் சீரிசை இயக்கத்தைவிட ஏறத்தாழ 27% கூடுதல். ஆயினும் வேகமாக ஓடும் எந்திரங்களுக்கு இதுவே ஏற்றது.

சுழற்சி வேகம் இரட்டித்தால் முடுக்கம் 4 மடங்காகும். அப்போது சுருள்வில்லின் விசை போதாவிட்டால் பின்தொடரி நெம்புருளை விட்டு எழும்பிவிடும். வால்வு மிதப்பு எனப்படும் இந்நிலையில், மூடத் தாமதிக்கும் வால்வைச் சில எஞ்சின்களில் பிஸ்டன் மோதி வளைத்துவிடுவதும் உண்டு.

நேர்கோட்டில் நகரும் பின்தொடரிக்கு அழுத்தக் கோணம் பொதுவாக 30 பாகைக்குள் வைக்கப்படுகிறது. மீறினால் பின்தொடரி பக்கவாட்டில் தள்ளப்பட்டு வழிகாட்டியில் இறுகும். அடிவட்டத்தைப் பெரிதாக்கினால் கோணம் குறையும். எந்திரத்தில் அதற்கு இடம் இருக்க வேண்டும்.